மாமியார் சபை நகையைக் கழற்றச் சொல்கிறது, அம்மா கூடவே கூடாது என்கிறார்: நான் யார் சொல்வதைக் கேட்பது?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 29. பள்ளி ஆசிரியை. பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில். அப்பா பல வருடம் சேகரக் கமிட்டியில் இருந்தவர். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தல், பிறகு கல்யாணம் வரைக்கும் பாடகர் குழு. கணவர் வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. பெண் பார்க்க வந்த அன்று "அவங்க சபை அவங்களுக்கு, நம்ம சபை நமக்கு" என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மூன்று வருடம் முன் சி.எஸ்.ஐ. கோவிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது.

முதல் வருடம் பிரச்சினை இல்லை. பிறகு கணவரின் சபைக்குப் புதிய பாஸ்டர் வந்தார். நகை போட்டவர்களுக்குத் திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தி) இல்லை என்றார். மாமியார் மருமகளைத் தோடு, வளையல், கடைசியில் தாலிச் செயின் வரை கழற்றச் சொன்னார். "குழந்தையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே இல்லை, மறுபடி முழுக்கு எடு" என்றும் சொல்கிறார். ஐந்து மாதக் குழந்தைக்கு அம்மா வீட்டில் ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்படுகிறார்கள். மாமியார் வீட்டில் சபை மேடையில் பிரதிஷ்டை, அதாவது குழந்தையை ஜெபத்தோடு கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பது, செய்தால் போதும் என்கிறார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பாஸ்டரின் மனைவி "விசுவாசம் இருக்கிற வீட்டில் ஊசி எதற்கு" என்று கேட்டதோடு அடுத்த இரண்டு தவணையும் நின்றுபோயிருக்கிறது. கணவர், "எனக்கு ரெண்டு பேரும் வேணும், நீயே பார்த்துக்கோ" என்கிறார். அடுத்த மாதம் நாத்தனார் கல்யாணம். கழுத்தில் காதில் எதுவும் இல்லாமல் வந்தால்தான் மேடையில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கேட்பது இவை: யார் சொல்வது சரி? நகையைக் கழற்றினால் என் சபைக்குத் துரோகமா? போட்டால் பாவமா? தனிக்குடித்தனம் போய்விட்டால் தீருமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் வாசித்த இடம் ஒன்று இருக்கிறது. தோட்டைக் கழற்றி ஒரு விக்ஸ் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறீர்கள். அம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்து அவசரமாக மாட்டிக்கொள்கிறீர்கள். திரும்பும்போது மறுபடி டப்பாவுக்குள். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று ராத்திரி விளக்கணைத்த பிறகு வேப்பங்குச்சி சொருகிக்கொண்டு படுக்கிறீர்கள். ஒருநாள் காதில் ரத்தம் காய்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, பிள்ளை இழுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

குடும்ப ஆலோசகராக என் முதல் கவலை அந்த டப்பாதான். அம்மாவுக்குப் பயந்து போடுகிறீர்கள், மாமியாருக்குப் பயந்து கழற்றுகிறீர்கள். இரண்டு வீட்டிலும் உங்களை யாருக்கும் தெரியவில்லை. இப்படி இருப்பதைத்தான் நீங்கள் கடிதத்தில் "சகித்துக்கொண்டு போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதைச் சகிப்பு என்று சொல்லமாட்டேன். ஒருவர் நம்மிடமிருந்து வேறுபடுகிறார் என்பது தெரிந்து, நாமும் அவரிடமிருந்து வேறுபடுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்து, அதற்குப் பிறகும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவதுதான் சகிப்பு. உங்கள் வீட்டில் அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"யார் சொல்வது சரி" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தோடு, தாலி, ஞானஸ்நானம், தடுப்பூசி, அப்பா சொன்ன ஒரு வார்த்தை என்று ஐந்தை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அவை ஐந்தும் ஒரே தரத்தவை அல்ல. ஒன்றில் நீங்கள் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். இன்னொன்றில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூட்டையை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் தடுப்பூசி

வரும் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 10ஆவது வாரமும் 14ஆவது வாரமும் போட வேண்டியவை விட்டுப்போயிருக்கின்றன. அந்தப் பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி என்று ஐந்திலிருந்து காக்கிறது. கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் மூச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு. தவணை தள்ளிப்போனதால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இடைவெளியைச் செவிலியர் அட்டையைப் பார்த்துச் சொல்லுவார். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வருவது சாதாரணம். மருந்து எவ்வளவு கொடுப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் தன் மூட்டுவலிக்கு மாத்திரை வேண்டாமென்று ஜெபத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவர் உடம்பு, அவர் விசுவாசம். நான் வருத்தப்படலாமே தவிர, தடுக்க முடியாது. ஐந்து மாதக் குழந்தைக்கு அப்படி ஒரு தீர்மானம் எடுக்க வாய் இல்லை. அதன் சார்பில் பேச நீங்களும் உங்கள் கணவரும்தான் இருக்கிறீர்கள். வேதத்தைக் கொண்டே பேச வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கட்டிமேல் பற்றுப்போடச் சொன்னார். அப்போஸ்தலன் பவுலின் கூடவே நடந்த லூக்கா ஒரு வைத்தியர். ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துவது எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளின் போதனையும் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகும் விசுவாசிகள் அங்கே ஏராளம் என்பதை உங்கள் மாமியாரும் அறிவார்.

இதை விவாதமாக்காதீர்கள். "அத்தை, நீங்க ஜெபம் பண்ணுங்க, நாங்க ஊசி போட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நகை

இதைப் பேசுவதற்கு முன், நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்றை எடுத்து வைக்கிறேன். மாமனார் ஒரு காலத்தில் குடித்துக் குடும்பத்தை அழித்தவர். அந்தச் சபைக்குப் போன பிறகு 22 வருடமாகத் தொடவில்லை. குடித்த காலத்தில் மாமியாரின் கம்மல் அடகில் மூழ்கிப்போனது, அப்புறம் அவர் போட்டதேயில்லை.

நம் பக்கத்தில் நூறு பவுன், ஐம்பது பவுன் என்று பேசித்தான் கல்யாணம் முடிகிறது. கோவிலில் ஒரு பெண் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது கழுத்தையும் காதையும். அந்தக் காலத்தில் வெறும் காதோடு உங்கள் மாமியார் எந்தக் கோவிலில் போய் உட்கார்ந்திருப்பார்? வெறும் காது வெட்கமாக இல்லாத ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது. பணக்காரியும் ஏழையும் ஒரே மாதிரி பாயில் உட்காரும் இடம் அது. அவர் அப்படிச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் நகை வேண்டாம் என்ற அந்தச் சபை ஒழுங்குக்குப் பின்னால் இப்படி எத்தனையோ பெண்களின் வாழ்க்கை இருக்கிறது என்பதை இத்தனை வருட வேலையில் நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஒருநாள் சாவகாசமாக, வாதத்துக்காக இல்லாமல், அவரிடம் கேட்டுப் பாருங்கள்: "அத்தை, அந்தக் கம்மல் போனப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் தவறும் இடமும் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை உங்களிடம் காட்டுகிறார். அதே வசனம் பொன்னோடும் முத்தோடும் கூடப் பின்னிய மயிரையும் விலையேறப்பெற்ற உடையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பேதுருவும் அப்படித்தான். தோட்டை மட்டும் பிரித்தெடுத்து இரட்சிப்பின் அளவுகோலாக வைக்க அந்த வசனங்கள் இடம் கொடுக்கவில்லை. பகட்டு வேண்டாம், அடக்கம் வேண்டும் என்பதே அவற்றின் பாரம். ஆதியாகமத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் காதணியும் கடகங்களும் கொடுத்தான். அதே சமயம் இஸ்ரவேல் ஜனங்கள் ஓரேப் மலையருகே தங்கள் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டதும் யாத்திராகமத்தில் இருக்கிறது. தேவபயமுள்ளவர்கள் இதில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

ரோமாபுரி சபையில் இதே மாதிரி ஒரு சண்டை நடந்தது. சிலர் மாம்சம் சாப்பிட்டார்கள், சிலர் மரக்கறி மட்டும். சிலர் நாள் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே கண்டிப்பைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சாப்பிடுகிறவனிடம், சாப்பிடாதவனை அற்பமாய் எண்ணாதே என்கிறார். சாப்பிடாதவனிடம், சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்கிறார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் சோதனை. உங்களை "உலகத்தார்", "பெயர்க் கிறிஸ்தவர்" என்று சொல்லும்போது உங்கள் மாமியார் இரண்டாவது தவறைச் செய்கிறார். நீங்கள் முதல் தவறைச் செய்கிறீர்கள். உங்கள் அம்மா "அல்லேலூயா கூட்டம்" என்று சொல்வதை எந்த வருத்தமும் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். நீங்களே "கைதட்டிக் கத்துகிற இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் ஐந்து வயதிலிருந்து ஜெபிக்கக் கற்றுக்கொண்ட இடம் அது. அவர் வாய் திறந்து பேசாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் கழற்றலாமா? பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு, யூதர்களின் மத அடையாளச் சடங்கான விருத்தசேதனம் பண்ணினார். யூதர்கள் மத்தியில் அவனுக்கு வாசல் திறக்கட்டும் என்று. அதே பவுல் இன்னொரு உடன் ஊழியன் தீத்துவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பில்லை என்று சிலர் நிர்ப்பந்தித்தபோது அசையவில்லை. செயல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது அன்புக்காகச் செய்தது, இன்னோரிடத்தில் நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. உங்கள் தோட்டுக்கும் நான் இதையே வைப்பேன். மாமியாரின் சபைக்குப் போகும்போது, அங்குள்ளவர்களின் மனம் இடறக்கூடாது என்பதற்காகக் கழற்றினால் அதில் எந்தத் துரோகமும் இல்லை. நம் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவிலுக்குள் போகிறோம், அதற்காகச் செருப்புப் போடுவது பாவம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் "போட்டால் நரகம்" என்று சொன்னால் அங்கே நீங்கள் மரியாதையாக நிற்கலாம்.

மாமியாரிடம் நேரடியாகவே சொல்லிவிடலாம்: "அத்தை, உங்க சபைக்கு வரும்போது நான் தோடு போடாம வர்றேன், அது உங்களுக்காக. பள்ளிக்கூடத்துக்கும் அம்மா வீட்டுக்கும் போட்டுக்கிட்டுத்தான் போவேன், ஒளிக்க மாட்டேன். போட்டா இரட்சிப்பு போயிடும்னு நான் நம்பலை." அம்மாவிடமும் அதே நாளில் அதே விஷயத்தைச் சொல்லுங்கள். இரண்டு வீட்டிலும் இரண்டு நாள் முகம் சுளிப்பார்கள். காது புண்ணாவதைவிட அது தேவலை.

திருவிருந்து விஷயத்தில் ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். "எனக்குத் திருவிருந்து மறுக்க பாஸ்டருக்கு என்ன உரிமை" என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமை உண்டு. ஒரு சபை தன் அங்கத்தினருக்கும் தன் பந்திக்கும் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் சபையிலும் திடப்படுத்தலுக்கு முன் நீங்கள் பந்தியில் போய் நிற்கவில்லையே. அந்த ஒழுங்கு அந்தச் சபையின் வாசலோடு நிற்கிறது. அங்கத்தினராக இல்லாத உங்கள் வீட்டுக்குள்ளும் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அதைக் கொண்டுவரும்போதுதான் எல்லை மீறுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழற்றுகிற நகையெல்லாம் மாமியாரின் பீரோவில் இருக்கட்டும் என்றும், சபைக் கட்டட நிதிக்குக் கொஞ்சம் கொடுக்கலாமே என்றும் பேச்சு வந்திருக்கிறது. உங்கள் 40 பவுன் உங்களுடையது. நீங்களாக மனமுவந்து கொடுத்தால் கொடுக்கலாம், வற்புறுத்தலில் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் வங்கி லாக்கர் எடுங்கள். ரசீதும் புகைப்படமும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும். பெண்ணின் சீதனப் பொருளைப் பறித்துவைப்பதை அது பொருளாதார வன்முறை என்கிறது, திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறது. உங்கள் வீடு அந்த நிலையில் இல்லை. தெரிந்து வைத்திருப்பது நல்லது. எப்போதாவது மிரட்டலோ அடியோ வந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள், அதற்கு எந்த வசனமும் சமாதானம் ஆகாது.

தாலி

தாலியைக் கழற்றினால் கல்யாணமே செல்லாமல் போய்விடும் என்று அம்மா பயமுறுத்துகிறார். அப்படியில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் தாலியைக் கேட்பதில்லை. சாட்சிகள் முன் நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதும், பதிவேட்டில் போட்ட கையெழுத்தும்தான் உங்கள் திருமணம்.

தாலி "புறஜாதி வழக்கம்" என்று மாமியார் சொல்வதும் புதிதல்ல. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல், கத்தோலிக்க மதுரை மிஷனில் கிறிஸ்தவப் பெண்கள் கட்டியிருந்த பிள்ளையார் உருவத் தாலியைத் தடைசெய்தார். 300 வருடமாக இந்த வாதம் ஓடுகிறது. அதற்குள் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாலியில் சிலுவையைப் பொறித்தார்கள், புறாவைப் பொறித்தார்கள், வேதபுத்தகத்தைப் பொறித்தார்கள். உங்களுடையது சிலுவைத் தாலி. ஊர் வழக்கம் ஒன்றைக் கர்த்தருடைய அடையாளமாக மாற்றிக்கொண்டதாக ஒருவர் பார்க்கிறார், பழையதின் மிச்சம் என்று இன்னொருவர் பார்க்கிறார். இரண்டும் மனசாட்சியோடு பார்க்கக்கூடிய பார்வைகளே.

ஆனால் தோட்டையும் தாலியையும் நான் ஒன்றாக வைக்கமாட்டேன். உங்கள் கழுத்தில் அதைக் கட்டியது உங்கள் கணவர். கழற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள பேச்சு. மாமியாருக்கோ அம்மாவுக்கோ பாஸ்டருக்கோ அதில் ஓட்டு இல்லை. "நீயே பார்த்துக்கோ" என்று அவர் இதில் ஒதுங்க முடியாது.

ஞானஸ்நானம்

இது விருப்பு வெறுப்பு சம்பந்தப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக உண்மையாகவே வேறுபடுகிறார்கள். அதனால் "எல்லாம் ஒன்றுதானே, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்று உங்கள் தோழி சொன்ன யோசனையை நான் ஏற்கமாட்டேன். யோசித்துப் பாருங்கள்: குழந்தைக்கு விசுவாசம் தெரியாது, தானாக விசுவாசித்துத்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பதே உங்கள் மாமியார் சபையின் வாதம். மாமியாரின் நச்சரிப்புக்காக நீங்கள் தண்ணீரில் இறங்கினால் அவர்கள் போதனைப்படியே அது ஞானஸ்நானம் ஆகாது. இதை அந்தப் பாஸ்டரிடமே பணிவாகச் சொல்லலாம். நேர்மையான ஊழியராக இருந்தால் உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டார்.

ஒருவேளை என்றாவது உங்களுக்கே அந்த நிச்சயம் வந்தால் அப்போது எடுங்கள். அதற்கு முன் உங்கள் குருவானவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். மறு ஞானஸ்நானத்தை சி.எஸ்.ஐ. ஏற்பதில்லை. திருவிருந்து, சபை அங்கத்துவம், கல்லறைத் தோட்டம் வரை அது எங்கெங்கே போய்த் தொடும் என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

குழந்தை விஷயம். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு வாரநாளில் கோவிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று அம்மா திட்டம் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அப்பாவுக்குத் தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் அந்த வீட்டில் காலத்துக்கும் ஆறாத புண்ணாகிவிடும். நீங்கள் இருவரும் சேர்ந்து தீர்மானிக்கும் வரை ஞானஸ்நானமும் வேண்டாம், பிரதிஷ்டையும் வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. தினமும் ராத்திரி தொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. வடஇந்தியாவில் 1970இல் உருவான சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) சபையில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், பெரியவர் ஞானஸ்நானம் இரண்டுக்கும் அங்கே இடம் வைத்தார்கள். ஒரு சபை முழுவதற்கும் முடிந்தது, ஒரு வீட்டுக்குள் முடியாமல் போகாது.

"நாங்கள் ஆதி சபை, யாருக்காகவும் வளைந்ததில்லை" என்று அம்மா சொல்கிறாராம். அம்மாவுக்கு இதை மெதுவாகச் சொல்லுங்கள். நம் சபையே வளைந்து பிறந்ததுதான். 1919இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, பேராயர் வேண்டும் என்பவர்களும் பேராயரே கூடாது என்பவர்களும் 28 வருடம் வாதாடி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானார்கள். ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் ஒரே சபையானார்கள். அப்போது ஒரு வாக்கும் கொடுத்தார்கள்: அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவோ பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காகவோ யாருடைய மனசாட்சியையும் மிதிக்கமாட்டோம், ஒரு சபைக்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையை அதன்மேல் திணிக்கமாட்டோம் என்று. உங்கள் அப்பா கமிட்டியில் உட்கார்ந்திருந்தது அந்த வாக்குறுதியின் மேல்தான்.

அப்பா சொன்ன அந்த ஒரு வரி

கடிதத்தின் எட்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். "அந்தச் சபைக்கு எல்லா ஆளும் வர்றாங்க, பாஸ்டரே யாருன்னு தெரியும்ல, நமக்கு அதெல்லாம் ஒத்துவராது" என்றார் அப்பா. பிறகு நீங்கள், "அப்பா பழைய காலத்து ஆள்" என்று முடித்துவிட்டீர்கள்.

இதை அப்படி முடித்துவிட முடியாது. அது சாதிப் பேச்சு. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1820களில் புதிதாக வந்த மிஷனரிமாரோடு மோதினார். தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள், கல்யாணத்தில் பூ வைக்கக் கூடாதென்கிறார்கள், பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள் என்று குமுறினார். பாட்டிலும் பூவிலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது, அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதே பட்டியலில், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குகிறார்கள் என்பதையும் ஒரு கொடுமையாகச் சேர்த்திருந்தார். 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, பலர் அது வெறும் நாட்டு வழக்கம், எங்கள் விருப்பம் என்றே பதில் சொன்னார்கள். சபையைவிட்டு வெளியேறியவர்களும் உண்டு. பூவும் சாதியும் ஒரே சொல்லுக்குள், "வழக்கம்" என்ற சொல்லுக்குள், ஒளிந்துகொண்டன. உங்கள் அப்பாவின் "ஒத்துவராது" என்ற சொல்லிலும் அதுதான் நடக்கிறது. மாமியாரின் சபையில் நகையைப் பற்றி நான் எத்தனை கேள்வி கேட்டாலும், எல்லா ஆளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள் என்ற விஷயத்தில் அவர்கள்தான் வேதத்தின்படி நடக்கிறார்கள். அப்பாவிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அடுத்த தடவை அவர் அப்படிப் பேசும்போது மௌனமாக இருக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கணவரும், தனிக்குடித்தனமும்

வீடு மாறினால் தீருமா என்றால், சத்தம் குறையும், பிரச்சினை கூடவே வரும். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இடையில் இதுபற்றி ஒரு முழுப் பேச்சுக்கூட நடந்ததில்லை என்பதுதான் கடிதத்தில் எனக்குத் தெரிகிறது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, மொபைலைத் தள்ளிவைத்துவிட்டு, "நீங்க என்ன நம்புறீங்க?" என்று அவரிடம் கேளுங்கள். அம்மா என்ன சொல்கிறார், பாஸ்டர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அப்புறம். அவர் சபையில் அவருக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேளுங்கள். உங்கள் கீர்த்தனைகளில் அவருக்குத் தெரிந்தது எது என்று கேளுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு பேரும் எழுதுங்கள்: எந்த ஞாயிறு எந்தச் சபை, தாலி, குழந்தை. அவருடைய அம்மாவிடம் அவர் பேச வேண்டும், உங்கள் அம்மாவிடம் நீங்கள் பேச வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வம்பு. பேச்சு நின்றுபோனால் இருவருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள். இரண்டு சபைக்கும் வேண்டாதவராக இல்லாத ஒருவராக இருக்கட்டும்.

நாத்தனார் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அது அவர்கள் சபையில், அவர்கள் ஒழுங்கில் நடக்கிற கல்யாணம். தோடும் வளையலும் இல்லாமல் போங்கள், அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தாலியைப் பற்றி நீங்கள் இருவரும் முன்கூட்டியே முடிவெடுத்து, உங்கள் கணவர் தன் அம்மாவிடம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடட்டும். தாலியோடு மேடையில் நிற்கக் கூடாது என்றே அவர்கள் உறுதியாக இருந்தால், மேடையில் நிற்காதீர்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். அந்தப் பெண் உங்களை "அண்ணி, அண்ணி" என்று சுற்றிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அவளுக்குச் சேலை மடிப்பு எடுத்துப் பின் குத்திவிட ஒரு ஆள் வேண்டும். அந்த அறையில் நீங்கள் இருங்கள்.